நாள் தள்ளிப்போவதும் கருமுட்டையின் தாமதமும்

வாசகியின் கடிதம்: எனக்கு வயது 27. எடை 74 கிலோ. ஒன்றரை ஆண்டில் 7 கிலோ கூடியிருக்கிறது. முன்பெல்லாம் 30 அல்லது 32 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்த மாதவிடாய், நான் இரவுப் பணிக்கு மாறிய பிறகு 36, 44, 39, 58 என்று தள்ளித் தள்ளி வருகிறது. உடன் பணிபுரியும் தோழி சொன்னதைக் கேட்டு, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி மூன்று முறை ஐந்தைந்து நாள் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் நிறுத்திய மூன்றாம் நாள் இரத்தப்போக்கு வந்தது. கடைசியாக அப்படி வந்து இன்றோடு 47 நாள் ஆகிறது. மோவாயில் சில தடித்த முடிகள் முளைக்கின்றன. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வெளியேறாத இரத்தம் உள்ளே தேங்கிக் கெடுதல் செய்யுமா? மாத்திரையைத் தொடரலாமா? கட்டிகளை அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க வேண்டுமா? இரண்டு ஆண்டு கழித்துக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் எண்ணியிருந்தோம். அது முடியாமல் போய்விடுமா?

மகப்பேறு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேதிகளைக் குறித்துவைத்து எழுதியிருப்பதற்கு முதலில் நன்றி. 'ஒழுங்காக வருவதில்லை' என்று மட்டும் சொல்பவர்களிடம் நான் நெடுநேரம் கேட்டுக் கேட்டு அறிய வேண்டியதை உங்களுடைய நான்கு எண்களே சொல்லிவிடுகின்றன. ஆனால் அந்த எண்களுக்குள் போகும் முன், நீங்கள் இன்றோ நாளைக் காலையோ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருளும் உண்டு. மருத்துவத்திலும், மாதவிடாய் தாமதமாகும்போது கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே மற்றக் காரணங்களைத் தேடத் தொடங்குகிறோம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பார்ப்பது நல்லது. முடிவு 'இல்லை' என்று வந்து, அதன் பிறகும் மாதவிடாய் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். கருமுட்டை மிகத் தாமதமாக வெளிவந்திருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். 'ஆம்' என்று வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, தோள்பட்டை நுனியில் வலியோ, மயக்கமோ, இரத்தக்கசிவோ இருந்தால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, நாள் ஏன் தள்ளிப்போகிறது என்பதைப் பார்ப்போம். மாதச் சுழற்சி என்பது இரத்தப்போக்கு தொடங்கும் முதல் நாளிலிருந்து, அடுத்த இரத்தப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை உள்ள இடைவெளி. இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுவதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எண்ணினால் கணக்கில் நான்கைந்து நாள் குறைந்துவிடும். வயதுவந்த பெண்களுக்கு இந்த இடைவெளி 24 முதல் 38 நாள் வரை இருப்பதை மகப்பேறு மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு இயல்பு என்று வகுத்திருக்கிறது. எல்லோருக்கும் 28 நாள் என்பது பாடநூல்கள் வசதிக்காக எடுத்துக்கொண்ட ஒரு கணக்கு மட்டுமே. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 29.3 நாளாக இருந்தது. சரியாக 28 நாளில் முடிந்த சுழற்சிகள் அதில் சிறுபான்மையே. ஆகவே முன்பு உங்களுக்கு இருந்த 30, 32 நாள் இடைவெளியில் குறை ஏதுமில்லை. இப்போது வந்திருக்கும் 36-கூட வரம்புக்கு உட்பட்டதுதான். ஆனால் 44, 39, 58 ஆகியவை வரம்பைக் கடந்தவை. மிகக் குறுகிய சுழற்சிக்கும் மிக நீண்ட சுழற்சிக்கும் இடையில் 22 நாள் வேறுபாடு இருக்கிறது. ஒரு வாரத்தைச் சற்றே தாண்டும் வேறுபாட்டைக் கவலையின்றி விட்டுவிடலாம். 22 நாளை அப்படி விட முடியாது.

இந்த இடைவெளிக்குள் இரண்டு பாதிகள் உள்ளன. முதல் பாதியில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்ட, அங்கே ஒரு கருமுட்டைப் பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது; அந்த ஈஸ்ட்ரோஜனால் கருப்பையின் உட்படலம் தடிக்கிறது. கருமுட்டை வெளிவந்ததும் இரண்டாம் பாதி தொடங்குகிறது. முட்டையை வெளிவிட்ட அதே பை மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கரு தங்கவில்லையென்றால் அந்தத் திசு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கி, புரோஜெஸ்டிரோன் இறங்கி, உட்படலம் உதிர்கிறது, அதுவே மாதவிடாய். இவற்றில் இரண்டாம் பாதியின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. முதல் பாதிதான் நீளும், குறுகும். ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஒகினோ 1920-களிலேயே இதைக் கண்டு, கருமுட்டை வெளிவரும் நாளை முந்தைய மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று காட்டினார். நூறாண்டு ஆகியும் இந்த ஒரு செய்தி பெண்களிடம் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

உங்கள் கணக்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 58 நாள் நீண்ட அந்தச் சுழற்சியில் கருமுட்டை வெளிவந்திருந்தால், அது 14-ஆம் நாளில் வெளிவரவில்லை. 45-ஆம் நாளை ஒட்டி வெளிவந்திருக்கும். அல்லது முட்டை வெளிவராமலேயே, ஈஸ்ட்ரோஜனால் மட்டும் வளர்ந்த உட்படலம் தாங்க முடியாமல் உதிர்ந்திருக்கும். எப்படியாயினும், தாமதமானது மாதவிடாய் அன்று, கருமுட்டை. மாதவிடாயை எப்படி வரவழைப்பது என்று கேட்பதை விட்டுவிட்டு, முட்டை ஏன் தாமதமாகிறது என்று கேட்கத் தொடங்கினால் உங்கள் நான்கு கேள்விகளுக்கும் விடை தெளிவாகும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். வெளியேறாத இரத்தம் உள்ளே தேங்குவதில்லை. மாதவிடாய் இரத்தம் என்பது உடல் எங்கோ சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை கழிக்கும் அழுக்கு அன்று. உட்படலம் உதிரும் நேரத்தில் அதன் நுண்குழாய்களிலிருந்து அப்போதே கசியும் சாதாரண இரத்தம். உதிர்வு தொடங்காதபோது தேங்குவதற்கு அங்கே இரத்தமே இல்லை. உடல் எடை கூடியதும் 'தேங்கிய இரத்தத்தால்' ஆனதன்று. உண்மையிலேயே இரத்தம் தேங்கும் நிலை ஒன்று உண்டு; பிறவியிலேயே பிறப்புறுப்புப் பாதை மூடியிருக்கும் சிறுமிக்கு, பருவமடையும் வயதில் இரத்தம் வெளிவராமல் மாதந்தோறும் வயிற்றுவலி மட்டும் வரும். உங்களுக்கு அது பொருந்தாது. ஆயினும் உங்கள் அச்சத்துக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்படலத்தை வளர்த்துக்கொண்டே போகிறது. இந்த நிலை பல மாதங்கள், ஆண்டுகள் என்று நீண்டால் உட்படலம் அளவுக்கு மீறித் தடித்து, சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் ஏற்படக்கூடும். அதனால்தான் மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் இல்லாமல் விட்டுவிடக் கூடாது என்கிறோம். 47 நாளில் அந்த ஆபத்து எதுவும் வந்துவிடாது. இப்படித் தடித்த உட்படலம் ஒரு நாள் உதிரத் தொடங்கும்போது இரத்தப்போக்கு மிகக் கடுமையாக இருக்கலாம். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, எட்டு நாளைத் தாண்டி நீடித்தாலோ, தலைசுற்றலும் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டாலோ வீட்டில் காத்திருக்காதீர்கள்.

மாத்திரையைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் உட்கொண்டது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையாக இருக்கும். ஐந்து நாள் அது உட்படலத்தைப் பிடித்துவைக்கிறது; நிறுத்தியதும் பிடி தளர்ந்து உட்படலம் உதிர்கிறது. இரத்தம் வருகிறது என்பதால் மாதவிடாய் வந்துவிட்டதாக மனம் நிம்மதியடைகிறது. ஆனால் அதற்கு முன் முட்டை வெளிவரவில்லை. காரணம் எதுவோ அது அப்படியே இருக்கிறது. அதனால்தான் அடுத்த மாதமும் நாள் தள்ளிப்போகிறது. அந்த மூன்று இரத்தப்போக்குகளையும் நீங்கள் மாதவிடாயாகக் கணக்கில் எழுதிவிட்டால், 'மூன்று மாதம் ஒழுங்காக வந்தது' என்று மருத்துவரே தவறாகப் புரிந்துகொள்ள நேரும். மேலும் அந்த மாத்திரை கர்ப்பத்தைக் கலைப்பதுமில்லை, கர்ப்பம் இல்லை என்று காட்டுவதுமில்லை. கால் இரத்தக்குழாய்களில் முன்பு இரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் இதைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

இவ்வளவு சொன்னாலும் மாத்திரையைப் பழிப்பது என் நோக்கமன்று. மேலே சொன்ன தடித்த உட்படலத்தைப் பாதுகாப்பாக உதிரச் செய்ய நாங்களே அதைத் தருகிறோம். அப்போது பத்து முதல் பதினான்கு நாள் வரை, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, காரணத்தை அறிந்துகொண்ட பிறகு தருகிறோம். மருந்து ஒன்றே என்றாலும் கொடுக்கும் முறையும் நோக்கமும் வேறு. தவிர, உங்கள் தோழியின் யோசனையால் நமக்கு ஒரு செய்தியும் கிடைத்திருக்கிறது. நிறுத்திய மூன்றாம் நாளே இரத்தம் வந்தது என்பதால், உங்கள் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன, கருப்பையிலிருந்து வெளியே வரும் வழியில் அடைப்பில்லை என்று ஊகிக்கலாம். கடுமையாகப் பட்டினி கிடந்தோ, அளவுக்கு மிஞ்சி உடற்பயிற்சி செய்தோ மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும், 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோனவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜனே குறைந்துவிடுவதால் இந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் இரத்தம் வருவதில்லை.

அடுத்தது ஸ்கேன். 'நீர்க்கட்டி' என்ற சொல் எத்தனை பெண்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். உங்கள் சினைப்பைகளில் இருப்பவை கட்டிகள் அல்ல. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுள்ள, வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். முட்டை வெளிவருவது தாமதமாகிறது என்று முன்னே சொன்னேனே, அந்தத் தாமதம் ஸ்கேனில் தெரியும் விதம் இது. அவற்றை வெட்டி எடுக்கத் தேவையில்லை. அறுவைச் சிகிச்சை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1935-இல் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலையை 7 பெண்களிடம் கண்டு விவரித்தபோது, சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தே சிகிச்சை அளித்தார்கள். மருந்துகள் வந்த பிறகு அந்த முறை வழக்கொழிந்துவிட்டது.

ஸ்கேனை மட்டும் வைத்து 'பி.சி.ஓ.எஸ்.' (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) என்று முடிவுகட்டவும் கூடாது. ஒழுங்காக மாதவிடாய் வரும் பல பெண்களின் சினைப்பையும் இப்படித்தான் தோற்றமளிக்கும். நீண்டு மாறுபடும் சுழற்சி, ஆண்மை ஹார்மோன் மிகுதியின் அறிகுறிகள், சினைப்பையின் இந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணங்கள் இல்லையென்று தெரிந்த பின்பே அந்தப் பெயரைச் சூட்டுகிறோம். உங்களுக்கு முதலாவது தெளிவாக இருக்கிறது. மோவாய் முடி இரண்டாவதைச் சுட்டுகிறது. ஆகவே உங்களுக்குப் பி.சி.ஓ.எஸ். இருக்க வாய்ப்பு அதிகம் என்றே கருதுகிறேன். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உள்ள நிலை இது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு இருப்பதையே அறிவதில்லை. ஆனால் முடி மெல்ல மெல்ல வளர்வது வேறு, சில மாதங்களிலேயே மளமளவென்று பரவிக் குரலும் கட்டையாவது வேறு. இரண்டாவது போல் நேர்ந்தால் தாமதமின்றி ஆராய வேண்டும்.

'வேறு காரணங்கள் இல்லையென்று தெரிந்த பின்பு' என்றேன். அதற்குச் சில இரத்தப் பரிசோதனைகள் போதும். தைராய்டு குறைந்தாலும் மிகுந்தாலும் சுழற்சி மாறும், அதற்கு டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் அளவுக்கு மீறினாலும் முட்டை வெளிவராது. மனநோய்க்கான சில மருந்துகளும், வாந்தியை நிறுத்தத் தரும் டோம்பெரிடோன் போன்றவையும் புரோலாக்டினை உயர்த்தும் என்பதால், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். பாலூட்டாதபோது மார்பில் பால் கசிவதோ, தொடர் தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்குவதோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றோடு சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன், ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், இரத்த அணு அளவு ஆகியவையும் பார்ப்பது வழக்கம். பி.சி.ஓ.எஸ். உறுதியானால் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பதை என்னளவில் நான் தவிர்க்கவே மாட்டேன். இந்த நிலையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் அது இரத்தத்தில் மிகுந்து, சினைப்பையை ஆண்மை ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. மாதவிடாய்த் தாமதமும், முடியும், பிற்காலச் சர்க்கரை நோயும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

எடை கூடியதும் இரவுப் பணியும் இந்தச் சிக்கலைத் தூண்டியிருக்கலாம். தூக்க நேரம் மாறுவதற்கும் சுழற்சி மாறுவதற்கும் தொடர்பிருப்பது காணப்பட்டிருக்கிறது. ஆனால் இரவுப் பணி செய்யும் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, உங்கள் வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவும் மாட்டேன். பகலில் தூங்கும் அறையை இருட்டாக்கி, விடுப்பு நாள்களிலும் இயன்றவரை அதே நேரத்தில் தூங்கப் பாருங்கள். எடையைப் பொறுத்தவரை, உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு முட்டை மறுபடியும் வெளிவரத் தொடங்குகிறது. உங்கள் 74 கிலோவில் 5 விழுக்காடு என்பது 4 கிலோவுக்கும் குறைவு. கூடிய 7 கிலோவையும் ஒரே மாதத்தில் இறக்கிவிட முயலாதீர்கள். திடீர்ப் பட்டினியைப் பஞ்சகாலம் என்று மூளை எடுத்துக்கொண்டு, முட்டை வெளிவருவதை முற்றிலும் நிறுத்திவிடும். ஒல்லியான பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வருவதுண்டு என்பதால், 'எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஒற்றை அறிவுரையோடு உங்களைத் திருப்பி அனுப்பினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இதே ஐயத்தோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில சொற்கள். பருவமடைந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை இடைவெளி நீள்வது இயல்பு. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஒத்திசைவு அமைய அவ்வளவு காலம் ஆகிறது. அந்த வயதுச் சிறுமிகளுக்கு ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று பெயர் சூட்ட வேண்டாம். ஆனால் அவர்களுக்கும் 90 நாளைத் தாண்டினாலோ, 15 வயதாகியும் பருவமடையவில்லையென்றாலோ காட்ட வேண்டும். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்களுக்குச் சுழற்சி மாறுவது மாதவிடாய் நிற்பதற்கு முன்னோடி. ஓராண்டு முழுவதும் வராமல் இருந்து, அதன் பிறகு சிறு கசிவு தென்பட்டாலும் அதை மட்டும் ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் முடிவில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கும் கேள்வி. குழந்தை பிறக்குமா என்றால், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலர் தாமாகவே, சிலர் மருந்தின் துணையோடு. உங்களுக்கு முட்டைகள் குறைவாக இல்லை, வெளிவருவதில்தான் தடை இருக்கிறது. அந்தத் தடையை நீக்க லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உள்ளன. அந்த இரண்டு ஆண்டு வரை குழந்தை வேண்டாம் என்றால், உங்கள் தேவைக்கேற்ற கருத்தடை முறையைக் கேட்டுப் பெறுங்கள். ஒழுங்காக வராததால் கரு தங்காது என்று நம்பிவிடாதீர்கள். எந்த நாளில் முட்டை வெளிவரும் என்று தெரியாத உங்களுக்கு 'பாதுகாப்பான நாள்' கணக்கு உதவவே உதவாது. கூட்டு ஹார்மோன் மாத்திரை கருத்தடையாகவும் இருக்கும், உட்படலத்தையும் காக்கும், முடி வளர்ச்சியையும் குறைக்கும். ஆனால் கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலியோ, உயர் இரத்த அழுத்தமோ, இரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் அது உங்களுக்கு ஆகாது. குழந்தைக்கு முயலும்போது, மற்றத் தம்பதியர்க்குச் சொல்வதுபோல் ஓராண்டு முயன்றுவிட்டு வாருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஆறேழு முட்டைகளே வெளிவரும் நிலையில் அந்தக் காத்திருப்பு வீண். முயற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்கிவிடுங்கள்.

நாளைக் காலைப் பரிசோதனைக்குப் பிறகு, இந்த வாரத்திலேயே உங்கள் பகுதியிலுள்ள மகப்பேறு மருத்துவரிடம் ஒரு நேரம் வாங்குங்கள். அதற்குள் இரத்தப்போக்கு தானாகவே வந்துவிட்டாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஹார்மோன் பரிசோதனைகள் சிலவற்றுக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இரத்தம் எடுப்பதே ஏற்றது. உங்கள் குறிப்பேட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையால் வந்த மூன்று இரத்தப்போக்குகளையும் வேறு நிற மையால் குறித்து, அவற்றின் பக்கத்தில் மாத்திரையின் பெயரையும் எழுதிவையுங்கள்.